ஜப்பான் நாட்டு ஆசிரியர் ஊதியமும் நாம் அறிய வேண்டுவனவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில், ஜப்பான் நாட்டுப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தைப் பற்றி நாம் பேச முற்பட்டமை சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் சேரிப் பிள்ளைகளின் படிப்பைப் பேச வேண்டிய இடத்தில், கீழ்க்கடல் கடந்த நாட்டின் சம்பளக் கணக்கு எதற்கு என்று கேட்பது நியாயமே. ஒரு நாடு தன் ஏழைப் பிள்ளையின் கல்வியை எவ்வளவு மதிக்கின்றது என்பதை அதன் தலைவர்கள் ஆற்றும் சொற்பொழிவுகளைக்கொண்டு அளக்க இயலாது. அப்பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவருக்கு யார் சம்பளம் கொடுக்கின்றனர், எவ்வளவு கொடுக்கின்றனர், தவறாமல் கொடுக்கின்றனரா என்னும் மூன்றும் எழுதப்பட்ட கணக்கேடே அதற்கு அளவுகோல். பள்ளிக்கூடத்துச் சம்பளப் பட்டியலில் மாதந்தோறும் கையொப்பமிடுபவர்கள் என்ற முறையில் இக்கணக்கைப் பேசும் உரிமை நமக்குண்டு எனக் கருதுகின்றோம்.

ஆசிரியர் நாள் கூட்டந்தோறும் நம் நாட்டில் ஒரு கதை சொல்லப்படுகின்றது. ஜப்பானில் பேரரசர் முன் தலைவணங்க வேண்டாதவர் ஆசிரியர் ஒருவரே என்பதும், அங்கே அமைச்சரைக் காட்டிலும் ஆசிரியருக்குச் சம்பளம் மிகுதி என்பதும் அக்கதையின் சாரம். கேட்பதற்கு இனிமையான இக்கதைக்கு அந்நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை. ஊதியப் பட்டியலிலும் இடமில்லை. ஜப்பானியப் பொதுப்பள்ளி ஆசிரியர் நம்மைப் போன்ற ஓர் அரசு ஊழியர். அவருக்கும் ஊதிய விகிதம் உண்டு, ஆண்டு ஊதிய உயர்வு உண்டு, படிகள் உண்டு, பிடித்தங்களும் உண்டு. கதையை ஒதுக்கிவிட்டு உண்மையை நோக்குவோமாயின், அதில் நாம் கொள்ளத்தக்கனவும் உள, தள்ளத்தக்கனவும் உள.

முதற்கண் தொகையைச் சொல்லிவிடுவோம். 2020-களின் முற்பகுதியில், பட்டம் பெற்றுப் புதிதாகப் பணியேற்ற ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 2 இலட்சம் யென்னுக்குச் சற்று மேற்பட்டிருந்தது. பணியில் உள்ளோர் அனைவரையும் சேர்த்துச் சராசரி கண்டால், நாற்பது வயதைச் சற்றே கடந்த தொடக்கப் பள்ளி அல்லது நடுநிலைப் பள்ளி ஆசிரியர் படிகள் உட்பட ஏறத்தாழ 4 இலட்சம் யென் பெற்றுவந்தார். இதன்மேல் ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் போனஸ் உண்டு; இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ நாலரை மாதச் சம்பளம் ஆகும். ஆகவே ஆண்டு வருமானம் 60 இலட்சத்துக்கும் 70 இலட்சத்துக்கும் இடையில் அமைந்தது. அந்நாட்டுத் தனியார் துறை ஊழியர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம், பகுதிநேரப் பணியாளரையும் சேர்த்து, 2023-இல் 46 இலட்சம் யென் என்று அந்நாட்டு வரித்துறை கணக்கிட்டுள்ளது. ஆசிரியர் செல்வரல்லர், வறியவரும் அல்லர். வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டால் அவருடைய தொடக்க ஊதியம் சராசரிக்குக் குறைவு. பணிமூப்பால் படிப்படியாக உயர்ந்து, உச்சநிலையில் தொடக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காகின்றது. இளமையில் பொறுத்தவர்க்கு முதுமையில் பயன் கிட்டும் அமைப்பு இது.

இப்பட்டியலில் நாம் கருத்தூன்றிக் காணவேண்டிய கூறுகள் இரண்டு. ஆறாண்டுத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியருக்கும், அதனை அடுத்த மூன்றாண்டு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியருக்கும் ஊதிய விகிதம் ஒன்றே என்பது முதலாவது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் கற்பிப்பவர் தாழ்ந்தவர், பெரிய வகுப்புக்குக் கணக்குக் கற்பிப்பவர் உயர்ந்தவர் என்ற பிரிவினை அங்குள்ள ஊதியப் பட்டியலில் இல்லை. இரண்டாவது, தொலைவிடப் படி. 1954-இல் இயற்றப்பட்ட தொலைவிடக் கல்வி வளர்ச்சிச் சட்டத்தின்படி மலைச் சிற்றூர்களிலும் சிறு தீவுகளிலும் பணியாற்றுவோர்க்குத் தனிப்படி உண்டு. பேருந்தும் மருத்துவமனையும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பது போன்றவற்றை மதிப்பிட்டுப் பள்ளிகளை ஐந்து நிலைகளாகப் பிரித்து, நூற்றுக்கு 8 முதல் 25 வரை அப்படி வகுக்கப்பட்டது. போக்குவரத்தற்ற ஊருக்குச் செல்வதைத் தண்டனை மாறுதலாகக் கருதும் மனப்பான்மையை நாம் அறிவோம். அப்பணியை ஊதியத்தால் சிறப்பிக்கும் வழியும் உண்டு என்பதற்கு இது சான்று.

இவ்வமைப்பு ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கியதன்று. அதன் வரலாற்றில் நம் போன்ற மக்களின் கண்ணீரும் கலந்திருக்கின்றது. ஜப்பானில் தோல் பதனிடுதல், இறந்த கால்நடையை அப்புறப்படுத்துதல், தூக்குமேடை ஊழியம் ஆகிய தொழில்களைச் செய்தவர்கள் பல நூற்றாண்டுகள் ஊர்ப்புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்டு இழிபெயரால் அழைக்கப்பட்டனர். அவர்தம் குடியிருப்பு 'புராக்கு' எனப்படும். நம்மூர்ச் சேரியைப் பார்த்தவர்க்கு அதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, 2002-இல் வெளியிட்ட தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில், சாதியும் அதனை ஒத்த பிறப்புவழி ஏற்றத்தாழ்வுகளும் ஒரே வகைக் கொடுமை என்று கூறியதை ஈண்டு நினைவு கூர்வோம்.

1871-இல் அரசாணை ஒன்றினால் புராக்கு மக்களின் இழிநிலை சட்டத்தளவில் நீக்கப்பட்டது. மறு ஆண்டாகிய 1872-இல் கல்விச் சட்டம் வந்தது. எந்த ஊரிலும் படியாத வீடு இருத்தலாகாது, எந்த வீட்டிலும் படியாதவர் இருத்தலாகாது என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது, ஆனால் செலவை அரசு ஏற்கவில்லை. பள்ளிக் கட்டடமும், ஆசிரியர் சம்பளமும், மாணவர் கட்டணமும் ஊரார் தலையிலேயே விழுந்தன. 1873-இல் பல பகுதிகளில் எழுந்த கலகங்களில் பள்ளிக்கூடங்களும் தாக்கப்பட்டன. அவ்வாண்டு மிமசாகாப் பகுதியில் மூண்ட கலகத்தில், சமநிலை ஆணையைத் திரும்பப் பெறக் கோரிய கூட்டத்தார் புராக்குக் குடியிருப்புகளுக்குத் தீவைத்து 18 பேரைக் கொன்றனர். ஆணையொன்றை எழுதி ஒட்டுவதனால் சமத்துவம் வந்துவிடாது. அதனைக் காப்பதற்கு அரசின் கையும் அரசின் பணமும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

1886-இல், முதல் கல்வி அமைச்சராகிய மோரி அரினோரி ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளுக்கான ஆணையைப் பிறப்பித்தார். பயிற்சி பெறுவோர்க்குக் கட்டணமில்லை. உணவும் உடையும் அரசுச் செலவு. பயிற்சி முடிந்தபின் குறித்த ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றுதல் கடமை. பணமின்மையால் மேற்படிப்புக்குச் செல்ல இயலாத சிற்றூர் இளைஞர்கள் பலருக்கு இவ்வாணை வாயிலைத் திறந்தது. பயிற்சிப் பள்ளிகளில் படைவீரர்க்குரிய கட்டுப்பாட்டைப் புகுத்தி, அரசு சொன்னதையே சொல்லும் ஆசிரியரை ஆக்க முனைந்தது அதன் குறை. அக்குறையின் விளைவைப் பின்னாளில் போர்க்காலத்தில் அந்நாடு அனுபவித்தது. 1900-இல் தொடக்கக் கல்விக் கட்டணம் பொதுவாக நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளியில் சேர்வோர் நூற்றுக்குத் தொண்ணூற்றைக் கடந்தனர்.

கட்டணம் நீங்கிய பின்னும் ஆசிரியர் சம்பளச் சுமை ஊராட்சிகளிடமே இருந்தது. வளமான ஊர் நல்ல சம்பளம் கொடுத்தது. வறிய ஊர் குறைத்துக் கொடுத்தது. 1918-இல் நடுவணரசு ஓரளவு உதவித்தொகை வழங்கும் சட்டத்தை இயற்றியும் சுமை தீரவில்லை. 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்து பட்டு விலையும் நெல் விலையும் வீழ்ந்தபோது, உழவர்களால் வரி கட்ட இயலவில்லை. வரி வாராத ஊராட்சிகளால் சம்பளம் கொடுக்க இயலவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையான ஊர்கள் பல. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு நன்கொடையாகத் திருப்பித் தருமாறு ஆசிரியர்களை வற்புறுத்திய ஊர்களும் இருந்தன. பசித்த பிள்ளைகள் மிகுந்த ஊரிலேயே ஆசிரியர் வீட்டு அடுப்பும் எரியாதிருந்தது. ஏழை ஊரின் பள்ளியை ஏழை ஊரே காப்பாற்ற வேண்டும் என்ற விதியின் முடிவு அதுதான்.

இந்நிலையை மாற்றியது 1940-ஆம் ஆண்டின் சட்டம். ஆசிரியர் சம்பளம் ஊராட்சியிடமிருந்து மாகாணத்துக்கு மாற்றப்பட்டது. அதில் சரிபாதியை நடுவணரசு ஏற்றது. போருக்குப்பின், 1950-இல், வரிச் சீரமைப்பின் பெயரால் இம்முறை நிறுத்தப்பட்டது. உடனே மாகாணங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு தலைதூக்கவே, 1952-இல் மீண்டும் சட்டமியற்றப்பட்டு 1953 முதல் செயலுக்கு வந்தது. 1958-இல் மற்றொரு சட்டம், ஒரு வகுப்புக்கு இத்தனை மாணவர், இத்தனை வகுப்புக்கு இத்தனை ஆசிரியர் என அளவு வகுத்தது. முதலில் ஐம்பது என்றிருந்த வகுப்பின் மேலெல்லை பின்னர் நாற்பத்தைந்தாகவும் நாற்பதாகவும் குறைந்தது. 2021-இல் செய்த திருத்தத்தால் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தைந்தாக்கப்பட்டது.

இம்முறை இயங்கும் வகையைச் சற்று விளக்குவோம். பள்ளிக் கட்டடம் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ உரியது. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் சம்பளம் தருவதும் பெரும்பாலும் மாகாணத்தின் பொறுப்பு. அச்சம்பளத்தில் சட்டம் குறித்த பங்கை நடுவணரசு தருகின்றது. வருவாய் குறைந்த மாகாணத்தின் பற்றாக்குறையைப் பொது வரிப் பகிர்வால் ஈடு செய்கின்றது. ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கொரு முறை மாகாணத்துக்குள் பள்ளி மாற்றம் பெறுகின்றனர். ஆகவே துறைமுக நகரத்தின் பெரிய பள்ளியில் கற்பித்தவரே, அதே சம்பள விகிதத்தோடு, மீனவர் தீவின் சிறிய பள்ளிக்கும் செல்கின்றார். பிள்ளையின் தந்தை எவ்வளவு வரி கட்டுகின்றார் என்பது அவனுக்கு வாய்க்கும் ஆசிரியரைத் தீர்மானிப்பதில்லை.

இத்தனையும் இருந்தும் புராக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனரா எனில், வரவில்லை. 1922-இல் கியோட்டோ நகரில் சுய்ஹெய்ஷா என்னும் சமத்துவ இயக்கத்தை நிறுவி அம்மக்கள் தம் தன்மானத்துக்காகப் போராடினர். ஆயினும் போருக்குப் பின்னும் அவர்தம் பிள்ளைகள் பலர் தம்பி தங்கையரைக் காக்கவும், கூலிக்குச் செல்லவும், வகுப்பில் பெற்ற இழிசொல்லுக்கு அஞ்சியும் பள்ளியை விட்டு நின்றனர். 1950-களில் கோச்சி மாகாணம் ஒரு வழி கண்டது. இத்தகைய பள்ளிகளில் 'நல ஆசிரியர்' என்ற பெயரில் தனி ஆசிரியர்களை அமர்த்திற்று. வாராத பிள்ளையின் வீட்டுக்குச் செல்வதும், காரணம் அறிவதும், பெற்றோரோடு பேசுவதும், பிள்ளையை மீண்டும் வகுப்பில் அமர்த்துவதுமே அவர்தம் பணி. நம்மிடையே இரக்கமுள்ள ஆசிரியர்கள் பள்ளி விட்டபின் தம் சொந்தப் பொழுதில் செய்யும் தொண்டினை, அங்கே அரசு சம்பளம் கொடுத்துச் செய்வித்த பணி என்று கொண்டது. இவ்வேறுபாடு பெரிது. தனியொருவரின் தொண்டு அவர் மாறுதலாகிச் சென்றால் நின்றுபோகும்; சம்பளப் பட்டியலில் ஏறிய பணி, ஆள் மாறினும் தொடரும்.

அதே கோச்சி மாகாணத்தில் நகஹாமா என்னும் ஊர்ப்பகுதியில், 1961-இல், புராக்குத் தாய்மார்கள் ஒரு கேள்வி எழுப்பினர். கட்டாயக் கல்வி இலவசம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு கூறுகின்றதே, பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கு மட்டும் நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதே அது. நாட்கூலி பெற்று வாழ்ந்த அத்தாய்மார்க்குப் புத்தக விலை பெருஞ்சுமையாயிருந்தது. அவர்கள் ஆசிரியர்களோடு அமர்ந்து அரசமைப்புச் சட்டத்தைப் படித்தனர். புத்தகம் வாங்க மறுத்து உறுதியாய் நின்றனர். அவர்கள் எழுப்பிய குரல் நாடெங்கும் பரவியது. 1962-இலும் 1963-இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் விலையில்லாப் புத்தகம் படிப்படியாக வழங்கப்பட்டு, 1969-இல் ஒன்பது வகுப்புகளுக்கும் எட்டியது. இன்று டோக்கியோ மாநகரில் செல்வர் வீட்டுப் பிள்ளையும் கையில் பெறும் விலையில்லாப் பாடப் புத்தகத்தில், ஒதுக்கப்பட்ட ஊரின் தாய்மார் நடத்திய போராட்டத்துக்குப் பங்கு உண்டு.

1969-இல் புராக்கு முன்னேற்றத்துக்கான சிறப்புச் சட்டம் வந்தது. அப்பகுதிப் பள்ளிகளுக்கு வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதல் ஆசிரியர்கள் அரசுச் செலவில் அளிக்கப்பட்டனர். 1960-களின் தொடக்கத்தில் புராக்குப் பிள்ளைகளுள் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றோர் விகிதம் நாட்டுச் சராசரியில் பாதி அளவிலேயே இருந்தது. 1970-களின் நடுவில் இடைவெளி சில விழுக்காடாகச் சுருங்கியது. உதவித்தொகை, வீட்டு வசதி, மக்கள் இயக்கம் ஆகியனவும் இதற்குக் காரணங்கள். கூடுதல் ஆசிரியர் அவற்றுள் ஒன்று. அச்சிறப்புத் திட்டம் 2002-இல் முடிவுற்றது. பாகுபாடோ முடிவுறவில்லை. 2016-இல் புராக்குப் பாகுபாடு ஒழிப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தமையே அதற்குச் சான்று.

இனி ஆசிரியர் ஊதியத்தில் நிகழ்ந்த இரு திருப்பங்களைக் காண்போம். 1960-களில் ஜப்பானின் தொழில் வளம் பெருகிற்று. பட்டம் பெற்ற இளைஞர்களைத் தொழில் நிறுவனங்கள் கூடுதல் சம்பளம் காட்டி அழைத்துக்கொண்டன. வேறு வேலை கிட்டாவிட்டால் ஆசிரியராகவாவது ஆவோம் என்று வருபவரையும், ஆசிரியராவதன்றி வேறொன்றுக்கும் ஆகாதவரையும் குறித்து 'டெமோ-ஷிகா' ஆசிரியர் என்னும் ஏளனச் சொல் மக்களிடையே வழங்கிற்று. அரசு விழித்துக்கொண்டது. ககுயேய் தனாகா தலைமை அமைச்சராயிருந்த காலத்தில், 1974 பிப்ரவரியில், கட்டாயக் கல்வி ஆசிரியரின் ஊதியம் பொது அரசு ஊழியரின் ஊதியத்தினும் மேம்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று சட்டமே இயற்றியது. மூன்று கட்டங்களில், 1978-ஆம் ஆண்டளவில், சம்பளத்தை ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்த்துவதற்கான நிதி ஒதுக்கப்பட்டது. ஆசிரியர் தேர்வுக்குத் திறமையாளர் போட்டியிட்டனர். 2000-ஆம் ஆண்டுக்கான தேர்வில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணியிடத்துக்குப் பன்னிருவர்க்கு மேல் போட்டியிட்டனர்.

மற்றொரு திருப்பம் இதற்கு நேர்மாறானது. 1971-இல் இயற்றப்பட்டு 1972 ஜனவரியில் செயலுக்கு வந்த ஒரு சட்டம், ஆசிரியர்க்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று விதித்தது. அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 4 சேர்த்துத் தந்தது. 1966-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி மிகைநேர வேலை மாதத்துக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் என்று கண்டதே அந்த நான்குக்கு அடிப்படை. மாணவர் செய்முறைப் பயிற்சி, பள்ளி விழா, ஆசிரியர் கூட்டம், பேரிடர் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே மிகைநேர வேலைக்கு ஆணையிடலாம் என்றும் விதிக்கப்பட்டது. ஏனைய வேலையெல்லாம், எத்தனை மணி நேரமாயினும், ஆசிரியர் தாமாக விரும்பிச் செய்வது என்று கொள்ளப்பட்டது.

அந்த எட்டு மணி நேரம் நாளடைவில் எங்கே சென்று நின்றது? 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 48 நாடுகளிலும் பகுதிகளிலும் ஆராய்ந்தது. ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார். அனைத்து நாட்டுச் சராசரி 38.3 மணி. அந்த ஐம்பத்தாறில் வகுப்பறையில் கற்பித்தது 18 மணி நேரமே. எஞ்சியது விளையாட்டுக் குழு, படிவங்கள், கூட்டங்கள், திருத்த வேலை ஆகியவற்றில் கழிந்தது. 2022-இல் கல்வி அமைச்சகமே எடுத்த கணக்கெடுப்பில், வேலை நாளொன்றுக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் 10 மணி 45 நிமிடமும், நடுநிலைப் பள்ளி ஆசிரியர் 11 மணி 1 நிமிடமும் பணியாற்றினர். விதித்த நேரமோ 7 மணி 45 நிமிடம். மாதத்துக்கு 45 மணி என்ற மிகைநேர எல்லையைத் தாண்டியோர் நடுநிலைப் பள்ளிகளில் நூற்றுக்கு 77 பேர்.

கரும்பலகைக் கணக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். 2 இலட்சம் யென் அடிப்படைச் சம்பளம் பெறும் இளம் ஆசிரியருக்கு 4 விழுக்காடு என்பது மாதம் 8,000 யென். அதே சம்பளமுள்ள தொழிற்சாலை ஊழியர் 45 மணி நேரம் மிகையாக உழைத்தால், தொழிலாளர் சட்டம் கூறும் கால்பங்கு கூடுதலோடு ஏறத்தாழ 70,000 யென் பெறுவார். எஞ்சிய 62,000 யென் எங்கே? அது ஆசிரியரின் உறக்கத்திலிருந்தும் அவர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதிலிருந்தும் எடுக்கப்பட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2021-இல் சைத்தாமா மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் அச்சட்டம் இன்றைய பள்ளிகளின் நடைமுறைக்குப் பொருந்தவில்லை என்று தன் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

விளைவைக் காண்மின்! 2000-இல் ஓரிடத்துக்குப் பன்னிருவர் நின்ற தேர்வில், 2023-இல் ஓரிடத்துக்கு 2.3 பேரே நின்றனர். மூத்த ஆசிரியர்கள் பெருந்தொகையாய் ஓய்வுபெற இடங்கள் பெருகியது ஒரு காரணம். இப்பணியின் சுமையைக் கேட்டு இளைஞர் அஞ்சியது மற்றொரு காரணம். இதனிடையே 2006-இல் நடுவணரசின் பங்கு பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 2004 முதல் ஒதுக்கீட்டுக்குள் ஊதிய அளவையும் ஆள் எண்ணிக்கையையும் மாகாணங்களே முடிவு செய்யலாம் என்ற உரிமை வந்தபின், நிரந்தரமற்ற தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தும் வழக்கம் பெருகிற்று. இறுதியில் 2025 ஜூன் மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த 4 விழுக்காட்டை 2026 ஜனவரி முதல் ஆண்டுக்கு ஒன்றாக உயர்த்தி 2031-இல் 10 ஆக்குவது என முடிவாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் அசையாதிருந்த எண் அசைந்தது. மிகைநேர ஊதியம் இல்லை என்னும் விதியோ அசையவில்லை.

ஆன்றோர்களே! இவ்வளவையும் பொறுக்குமாறு அந்த ஆசிரியர்களைக் கட்டி வைத்தது எது? 'ஆசிரியப் பணி புனிதப் பணி' என்னும் சொல்லே. புனிதமானதற்குக் கூலி கேட்கலாமா, கடிகாரம் பார்க்கலாமா என்று கேட்டே வாயடைத்துவிடலாம். இந்த வாதம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஊர் ஊழியம் என்று பெயரிட்டு, வெட்டி வேலை வாங்கி, கூலி கேட்டால் முறையன்று என்று கூறியதை நம் பாட்டன் பூட்டன் அறிவர். இழிந்த வேலை என்று சொல்லியும் கூலியை மறுக்கலாம். உயர்ந்த வேலை என்று சொல்லியும் கூலியை மறுக்கலாம். மறுக்கப்படுவது கூலிதான். ஆசிரியரை வணங்குவது நன்று. வணக்கத்தைக் கொடுத்துவிட்டு வாழ்க்கைக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்வது நன்றன்று.

நாம் கொள்ளத்தக்கவை யாவை? ஏழை ஊரின் ஆசிரியர்க்கு அரசே சம்பளம் தரும் முறையைப் பிள்ளையின் உரிமையாகக் கருதிக் காத்தல் வேண்டும். 1930-களின் ஜப்பானிய ஊர்கள் அதற்குப் பாடம். ஒதுக்கப்பட்ட பகுதியின் பள்ளிக்குச் சமமான எண்ணிக்கையில் ஆசிரியர் தருவது மட்டும் போதாது. கூடுதலாகத் தருதல் வேண்டும். வாராத பிள்ளையைத் தேடிச் செல்லும் வேலையையும் வேலையென்று கணக்கில் எழுதுதல் வேண்டும். காலிப் பணியிடத்தைக் குறைந்த தொகைக்குத் தற்காலிக ஆள் கொண்டு நிரப்பும் சிக்கனம், முதலில் நம் பிள்ளைகளின் வகுப்பறையையே தாக்கும் என்பதை அறிதல் வேண்டும். இவற்றை இரந்து பெறும் சலுகையாகக் கேளாமல், நகஹாமாத் தாய்மார்களைப் போல அரசமைப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக் கேட்டல் வேண்டும்.

நம் வீடுகளுள் முதன்முதல் மாதச் சம்பளம் கண்டவை பல ஆசிரியர் வீடுகளே. அந்தச் சம்பளத்தில் தம்பியர் படித்தனர்; தங்கையர் படித்தனர்; இச்சங்கத்தின் முதல் சந்தாவும் அதிலிருந்தே வந்தது. ஆகவே இவ்விழாவுக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது: ஆசிரியப் பணிக்கு வருக, வேறு வேலை இல்லாமையால் வராமல், விரும்பி வருக. வந்தபின் சேரிப் பிள்ளைக்கு முழு உழைப்பையும் கொடுங்கள். உழைப்புக்குரிய ஊதியத்தை நாணாமல் கேளுங்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

தாய்மார்கள் இவ்வரங்கில் பெருந்திரளாய் வந்திருக்கின்றீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை பேர் உள்ளனர், எத்தனை இடம் காலி என்று நாளைக் காலையே கேட்டறிந்து, சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். வெள்ளி விழாவுக்குப் பின் நம் சங்கம் தொடங்கவேண்டிய முதல் கணக்கேடு அதுவாக இருக்கட்டும்.